சக்கரத்தின் முதுகில் ஏழு கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கார் சக்கரத்தைக் குப்புறக் கிடத்தி, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே கோணிப்பை. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் டீசலில் நனைத்த துணி. பழைய ஓசூரில், மலைக்கோவிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் சந்தில், வேணுகோபால் ஐயா வீட்டு வாசல் அது.

சக்கரத்தின் மையத்துக்குப் பின்னால் ஒரு குழிவு. அதற்குள் தூசியும் கிரீஸும் கலந்து, அடிப்பிடித்த களி மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டிச் சுரண்டித் துடைத்தேன். மணல் அச்சில் உலோகத்தை ஊற்றி வார்த்ததற்கே உரிய, ரவையைக் கொட்டிப் பரப்பினாற்போன்ற சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தச் சொரசொரப்புக்கு நடுவே வேறு ஏதோ தட்டுப்பட்டது. சின்னச் சின்னப் புடைப்புகள். சுற்றி ஆறு, நடுவில் ஒன்று.

"அதான் மேடம் அந்தப் பூ. இத்தாலிக்காரன் முத்திரை" என்றான் பிரகாஷ். வேணுகோபால் ஐயாவின் மகன். கார் சக்கரம் வார்க்கும் எங்கள் கம்பெனியில் எனக்குக் கீழே தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன். நான் ஓய்வு பெற்ற பிறகும் மேடம் என்பதை விடவில்லை.

உள்ளே கூடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐயா, திரும்பாமலே சொன்னார். "இத்தாலியும் இல்ல, இட்லியும் இல்ல. நாஞ் செய்ய வெச்சது."

அப்பாவும் மகனும் அந்த வாரம் முழுக்க நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பலகையில் என்ன எழுதுவது

கார், பத்மினி. ஒரு காலத்தில் பாதி ஊர் டாக்சிகள் அதுதானே, அந்தச் சின்னக் கார். ஐயா வாலிபத்தில் வாங்கியது. வாகனத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்துகொண்டே, விடுமுறை கிடைத்தால் தேன்கனிக்கோட்டைக் காட்டுச் சாலைகளில் ரேஸ் ஓட்டிய மனிதர். அந்தக் காரில் கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரம் கிடையாது. எட்டு ஆரக்கால் வைத்த அலுமினியச் சக்கரங்கள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆரக்கால்கள் விளிம்பை நெருங்க நெருங்க மெலிந்து, கடைசியில் ஒரு சின்ன வளைவோடு போய்ச் சேரும். யார் வரைந்தார்களோ, ரசனைக்காரர்கள்.

அடுத்த ஞாயிறு பெங்களூரில் பழைய கார்களின் கண்காட்சி. ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு பலகை வைக்க வேண்டும். கார் என்ன, இஞ்சின் என்ன, பின்னால் மாட்டிய பாகங்கள் இருந்தால் செய்தவர் யார். பிரகாஷ் அந்தச் சக்கரத்தைப் போட்டோ எடுத்து, பழைய கார் பித்தர்களின் வாட்சப் குழுவில் போட்டிருக்கிறான். ஒருவர் இங்கிலாந்து என்றார். இன்னொருவர், இத்தாலியில் ரேஸ் கார்களுக்குச் சக்கரம் வார்த்த ஏதோ ஒரு பட்டறையின் பூ முத்திரை என்று அடித்துச் சொன்னார். குழுவே இத்தாலி என்று முடிவுகட்டிவிட்டது.

ஐயா சொன்ன கதை வேறு. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படத்தைப் பார்த்தாராம். காக்கிக் காகிதத்தில் காம்பஸ் வைத்து வரைந்தாராம். ஆசாரி ஒருவர் மரத்தில் அச்சு செய்து கொடுத்தாராம். பர்கூர் பக்கத்தில் ஒரு சின்ன பவுண்ட்ரியில் உருக்கி ஊற்றினார்களாம். ஆதாரம்? மர அச்சைக் கரையான் தின்றுவிட்டது. பவுண்ட்ரி முதலாளி காலமாகி, பவுண்ட்ரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

மிச்சமிருந்த ஒரே ஆதாரம் அவருடைய வலது கட்டைவிரலில் இருந்த தழும்பு. வார்த்த சக்கரம் ஆறுவதற்குள் ஆசைப்பட்டுத் தொட்டதாம். அவருடைய மனைவி இருந்தவரை, "தோசைக்கல்லுல சுட்டுக்கிட்டதுதான அது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாராம்.

பிரகாஷைக் குறை சொல்ல முடியாது. இதே வாயால்தான் ஐயா, அஞ்செட்டிக் காட்டில் யானையோடு ரேஸ் விட்டு ஜெயித்த கதையும் சொல்லியிருக்கிறார். யானை ஏன் ரேஸுக்கு ஒப்புக்கொண்டது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் கோபம் வந்துவிடும்.

"பலகையில இத்தாலின்னு எழுதுனா, நா அந்த வண்டியில ஏற மாட்டன். சொல்லிடும்மா அவன்ட்ட" என்றார் என்னிடம். அவன் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

எண்பதை நெருங்கும் மனிதர். அந்தக் காரில் அவர் உட்காராமல் அது ஒரு கண்காட்சிக்குப் போகிறதென்றால், அதைவிட அவமானம் அவருக்கு வேறில்லை. அதனால்தான் பிரகாஷ் என்னைக் கூப்பிட்டிருந்தான். தீர்ப்புச் சொல்ல ஒரு மூன்றாவது ஆள். அதிலும் வாழ்நாளெல்லாம் சக்கரத்தைக் குப்புறப் போட்டுப் பார்த்த ஆள்.

முதுகைப் பார்த்தால் முகம் தெரியும்

விருதுநகரிலிருந்து கல்யாணமாகி ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்கு வந்தவள் நான் என்பதையும், வந்த புதிதில் குளிரிலும் கன்னடத்திலும் பட்ட பாட்டையும் இந்தத் தொடரில் ஏற்கெனவே புலம்பித் தீர்த்துவிட்டேன். வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நாள் முழுக்கச் சக்கரம் வரும். புரட்டிப் பார்ப்பேன். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம்.

கடையில் சக்கரம் வாங்குபவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் பின்பக்கத்தைத்தான் பார்ப்போம். செய்தவன் பெயர், அகலம், எந்த மாதம் வார்த்தது என்று காட்டும் கடிகார முள் மாதிரி ஒரு சின்னக் குறி, எல்லாம் அங்கேதான் இருக்கும். பழைய சக்கரங்களிலும் அப்படித்தான். முன்னால் மாட்டிய மூடி தொலைந்து போயிருக்கும். எழுத்து தேய்ந்து போயிருக்கும். முதுகு மட்டும் பொய் சொல்லாது.

ஐயா வீட்டுச் சக்கரத்தின் முகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. காரணம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த வீட்டு அம்மா, குத்துவிளக்கைத் தேய்க்கும் புளியோடும் சாம்பலோடும் வந்து உட்கார்ந்து சக்கரங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடுவாராம். வருஷா வருஷம். நல்லவேளை, சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கமும் தேய்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் ஒரு சின்னச் சுத்தியலால் ஆரக்கால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். ஒன்றுகூடச் சாகவில்லை. கோவில் மணியில் நகத்தால் சுண்டினால் ஒரு நாதம் வருமே, அது வந்தது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நிமிஷமே உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் கம்பெனியில் எக்ஸ்ரே இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, உருகிய அலுமினியத்தின் சூட்டை நொடிக்கு நொடி காட்டும் திரை இருந்தது. அத்தனையும் இருந்தும் ஊசிமுனைத் துளை என்று சொல்லி எத்தனை சக்கரத்தைத் திருப்பி உலைக்கே அனுப்பியிருக்கிறேன். இவை எதுவுமே இல்லாமல், யாரோ எங்கேயோ மணலைக் குத்தி, உலோகத்தை ஊற்றி, இதைச் செய்திருக்கிறார்கள். காட்டுச் சாலையில் கல்லிலும் பள்ளத்திலும் விழுந்து எழுந்து, இன்னும் மணி மாதிரிப் பேசுகிறது.

யார் அந்த மகராசர்கள்? இத்தாலியோ பர்கூரோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

நாலு பூ, நாலு திசை

"எல்லாத்தையும் கழட்டு" என்றேன் பிரகாஷிடம்.

"ஒண்ணு பாத்தா போதாதா மேடம்? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"அதைத்தான் பாக்கணும்."

நான்கு சக்கரத்தையும் கழற்றி, காற்று அடைக்கும் துளை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்கும்படி வரிசையாகக் குப்புறப் போட்டோம். ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நான்கிலும் பூ இருந்தது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றில் துளைக்கு நேர் எதிரே. ஒன்றில் இடப்பக்கம் ஒதுங்கி. ஒன்றில் குழிவின் விளிம்பிலேயே ஏறிக்கொண்டு. இன்னொன்றில் கொஞ்சம் சாய்ந்து, ஒரு பக்கம் புடைப்பு அதிகமாக.

எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனி முத்திரை என்றால் அது அச்சிலேயே செதுக்கப்பட்டிருக்கும். ஆயிரம் சக்கரம் வார்த்தாலும் ஆயிரத்திலும் அதே இடத்தில்தான் வரும். இடம் மாறுகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் யாரோ கையால் அழுத்தியிருக்கிறார்கள்.

"இது கம்பெனி வெச்சது இல்ல பிரகாஷ். ஒரு ஆள் வெச்சது."

"இத்தாலியிலயும் ஆள் இருப்பாங்கல்ல மேடம்?"

விடாக்கண்டன். அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை.

மறுபடி குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் அந்தப் புடைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன. வெறும் புள்ளிகள் இல்லை அவை. ஒவ்வொன்றுக்கும் பட்டை தீட்டிய முகம் இருந்தது. ஒவ்வொன்றையும் சுற்றிப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையம்கூட இருந்தது.

என் கை தானாக என் காதுக்குப் போயிற்று.

ஏழு கல் தோடு. என் கல்யாணத்துக்கு அம்மா போட்டது. இந்தப் பகுதியில் கம்மல் என்பார்கள். சுற்றி ஆறு கல், நடுவில் ஒரு கல். அந்தச் சக்கரத்தின் முதுகில், அலுமினியத்தில், கல்லும் கட்டும் குறையாமல் ஒரு முழுத் தோடு உட்கார்ந்திருந்தது. வாட்சப் குழுவில் அத்தனை பேர் அலசியும் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தோடு போட்ட காது அந்தக் குழுவில் ஒன்றுகூட இல்லை.

கௌரியின் கொண்டை ஊசி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெரிய கம்பெனிக்குப் போவதற்கு முன்னால், ஓசூரில் ஒரு தகரக் கொட்டகைப் பவுண்ட்ரியில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெண்களுக்கு என்று ஒரு வேலை இருந்தது. கோர் செய்வது. வார்ப்புக்குள்ளே எங்கே வெற்றிடம் வேண்டுமோ, அங்கே வைக்கிற மணல் கட்டிக்குப் பெயர் கோர். மணலில் வெல்லக் கழிவுப்பாகைப் பிசைந்து, பெட்டியில் அடைத்து, அச்சாக எடுத்து, அடுப்பில் சுட வேண்டும். சுடும்போது தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்த வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது பொங்கல் தீய்ந்தால் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

சுடுவதற்கு முன், மணல் ஈரமாக இருக்கும்போதே, ஒவ்வொரு பெண்ணும் தன் கோரில் ஓர் அடையாளம் அழுத்துவாள். ஒருத்திக்குச் சட்டைப் பொத்தான். ஒருத்திக்குப் பழைய இருபது பைசா. என் சிநேகிதி கௌரிக்கு வளைத்த கொண்டை ஊசி. அழகுக்காக இல்லை. கோர் உடைந்தாலோ, வார்ப்பு கெட்டாலோ, யார் செய்தது என்று மேஸ்திரி கண்டுபிடித்துத் திட்ட வேண்டுமே, அதற்காக.

அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. உலோகம் படும் பக்கத்தில் அழுத்தக் கூடாது. கோரின் நுனி, அச்சில் போய் உட்காரும் இடம் இருக்கிறதல்லவா, அங்கேதான் அழுத்த வேண்டும். வார்த்து முடித்து மணலைத் தட்டியதும் அடையாளமும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். வார்ப்பில் ஒரு பெண்ணின் சுவடும் வராது. வரக் கூடாது.

ஆனால் இந்தச் சக்கரத்தின் குழிவில், கோர் இருந்த இடத்தில், அது வந்திருக்கிறது. எல்லாவற்றிலும்.

கௌரி இப்போது ஊத்தங்கரையில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஓசூருக்கு வருவதற்கு முன்னால் அவள் கோர் வேலை கற்றது பர்கூர் பக்கத்தில்தான் என்பது நினைவுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்தபடி போன் போட்டேன்.

"கௌரி, கம்மல வெச்சு அழுத்துற பொம்பளை யாராச்சும் உனக்குத் தெரியுமா? ஏழு கல்லு."

யோசிக்கக்கூட இல்லை அவள். "ஏழுகல்லு முனியம்மாவா? அந்தக்காவ எதுக்குடி கேக்கற? கல்லாவியில கீது. புளி யாவாரம். என்ன வெலைக்குக் கேட்டாலும் கொறைக்காது."

கூடத்தில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. ஐயா எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். முதல்முறையாக அந்தச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் அந்தத் தோடு தெரியாது. இத்தனை வருஷம் ஓட்டியவர், ஒரு நாளும் அதன் முதுகைப் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்குப் பின்னால்

இரண்டு நாள் கழித்துக் கல்லாவிக்குக் கிளம்பினோம். பிரகாஷ் அந்தக் காரையே எடுத்தான். "அப்பாவ ஏறச் சொல்லுங்க மேடம்" என்றான்.

"மொதல்ல அவன் வாயால ஒத்துக்கட்டும்" என்று ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

ஆக, அன்றைக்கு நாங்கள் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனோம். ஜன்னலோரத்தில் ஐயாவின் வெள்ளைத் தலை தெரிந்தது. பிரகாஷ் பஸ்ஸை முந்தவே இல்லை. கிருஷ்ணகிரியில் இறங்கி ஊத்தங்கரை பஸ் ஏறினார். நாங்கள் அதன் பின்னால். ஊத்தங்கரையில் கல்லாவி பஸ். அதற்கும் பின்னால். ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இறங்கிய இடத்திலெல்லாம் எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார்.

முனியம்மா வீடு சந்தைக்குப் போகும் சாலையிலேயே இருந்தது. வாசலில் புளியம்பழம் குவிந்து கிடந்தது. ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கட்டையால் தட்டிக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காதில் போனை வைத்து யாரையோ விலை பேசி மிரட்டிக்கொண்டிருந்தவர்தான் அவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். கறுத்துத் திடமான உடம்பு. சங்கிலி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி.

"அக்கா, நான் கௌரி சிநேகிதி" என்றேன்.

"தெரியும், அவ சொன்னா. என்னுமோ சக்கரம்னு. எங்க?"

பிரகாஷ் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து, புளி கொட்டும் சாக்கின் மேல் குப்புறப் போட்டான். அதை மட்டும் நாங்கள் துடைக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.

முனியம்மா கண்ணாடியை மாட்டவில்லை. குனிந்து, புளிப்பிசுக்கு ஒட்டிய விரலை நேராகக் குழிவுக்குள் விட்டார். அழுக்கை நகத்தால் கீறி ஒதுக்கினார். விரல் நின்றது.

வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களின் கட்டைகளும் நின்றன.

"ரெண்டு தபா வுழுந்துகீது பாரு" என்றார். "இதான் மொதல்ல செஞ்சது. அழுத்துற நேரத்துல மேஸ்திரி வந்துட்டான். கை ஆடிப்போச்சு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக, கொஞ்சம் விலகி, இரண்டு தோடுகள். பிரகாஷ் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

அதற்குள் பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து ஐயா வந்து சேர்ந்தார். முனியம்மா நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீச என்னா ஆச்சு?"

ஐயா திகைத்துப்போய் மேலுதட்டைத் தடவினார்.

"காயிதத்த சுருட்டிக் கக்கத்துல வெச்சிகினு வந்து நிப்பீங்களே. ஆறாத சக்கரத்தத் தொட்டுட்டு, ஐயோ அம்மான்னு நாங்க கோருக்குக் கலக்கி வெச்ச வெல்லப்பாகுல கையி வுட்டவரு நீங்கதான? நாங்க அத்தினி பேரும் சிரிச்சமே."

ஐயா வலது கையை நீட்டினார். கட்டைவிரல் தழும்பு வெயிலில் பளபளத்தது. அந்தக் கையை அவர் முனியம்மாவிடம் நீட்டவில்லை. பிரகாஷிடம் நீட்டினார்.

பிரகாஷ் அதைப் பிடித்துக்கொண்டான். "தோசைக்கல்லு இல்லப்பா" என்றான். ஐயா வேறு பக்கம் பார்த்து மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எதற்கு மறைக்க வேண்டும்?

மறதி இல்லை

எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்த வேலை தெரிந்த பெண்ணுக்கு மட்டுமே தோன்றும் கேள்வி.

"அக்கா, அடையாளத்த நுனியிலதான வைக்கணும்? நீங்க உலோகம் படுற பக்கத்துல வெச்சிருக்கீங்களே. மறந்துட்டீங்களா?"

"மறக்கறதா? அஞ்சுலயுமா மறப்பன்?" முனியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சேதான் வெச்சன். மேஸ்திரி பாத்திருந்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பான்."

"அப்புறம் ஏன்?"

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணாலம் ஆன புதுசு. ஜோடி கம்மல்ல ஒண்ணு கெணத்துல வுழுந்துட்சி. ஒத்தக் கம்மல எங்க போடறது, அத வெச்சிதான் அழுத்திகினு இருந்தன். நாங்க செஞ்சதெல்லாம் மோட்டாரு பம்பு. கெணத்துக்குள்ள எறக்குனா அங்கயே கெடக்கும். இது காருக்குன்னாங்க. ஊரு ஊரா ரேசு ஓடும்னாங்க. நா அப்ப பர்கூரத் தாண்டுனதில்ல. சரி, நாந்தான் போவல, எங் கம்மலாச்சும் போயி சுத்திப் பாத்துட்டு வரட்டும்னு வெச்சன்."

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். புளி விலை சொல்வது மாதிரி. நான் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டு வாங்குவதற்காக வைத்த அடையாளத்தை ஊர் சுற்ற அனுப்பிவைத்திருக்கிறாள் ஓர் இருபது வயதுப் பெண். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே. வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சக்கரங்களைப் புரட்டிப் பார்த்திருப்பேன், இப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை.

ஞாயிறன்று பெங்களூர்க் கண்காட்சியில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, "முனியம்மா, கல்லாவி. இது எந்த நாட்டுக் கம்பெனி சார்?" என்று ஒரு இளைஞர் கேட்டதையும், ஐயா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யானை ரேஸ் உட்பட எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியதையும் எழுதினால் இந்த வாரத்துக்கு இடம் போதாது. கல்லாவிக்கே திரும்புகிறேன்.

பிரகாஷ் ஸ்டெப்னியைத் துடைத்து டிக்கியில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்துவிட்டான். அப்புறம் முன்கதவையும் திறந்தான். "அப்பா, ஏறுங்க."

ஐயா முன்சீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காரில் அவர் ஸ்டியரிங்கை விட்ட பிறகு அதுதான் அவருடைய இடம். பேரப்பிள்ளைகள்கூட உட்கார முடியாது. "நீங்க ஏறுங்கம்மா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார் முனியம்மாவிடம்.

முனியம்மா புளிக்குவியலைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "நா வர்றதுக்குள்ள அந்த மூட்டய முடிங்கடி" என்று சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நானும் ஐயாவும் பின்னால்.

ஊத்தங்கரைச் சாலையில் கார் மெதுவாகப் போயிற்று. இரண்டு பக்கமும் புளிய மரங்கள். முனியம்மா ஜன்னலில் கை வைத்து, தலையை லேசாக வெளியே நீட்டி, கீழே சுற்றும் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எங்கெங்கலாம் போச்சு இது?" என்று கேட்டார்.

ஐயா சொல்ல ஆரம்பித்தார். தேன்கனிக்கோட்டை. அஞ்செட்டி. ஒகேனக்கல் இறக்கம். ஏற்காட்டுக்கு மேலே, மழையில். மைசூர். ஊட்டிக்கு இரண்டு தடவை. மங்களூர் போய்க் கடலோரத்தில் மணலில் மாட்டிக்கொண்டது. கன்னியாகுமரி, பிரகாஷ் கைக்குழந்தையாக இருந்தபோது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை வைத்திருந்தார். வழக்கமாக நடுவில் புகுந்து கிண்டல் செய்யும் பிரகாஷ் வாயே திறக்கவில்லை.

முனியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம், வெளியே பார்த்தபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னார்.

"அவ்ளோ ஊரு போயிட்டு வந்துட்டனா நானு."

பிரகாஷ் வண்டியின் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.